வழுக்கும் சுருதிக்கு எந்த ரிவெர்ப்?

பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டி, இடது கையில் பிடித்திருக்கும் எஃகு உருளையை ஒரே ஒரு ஃப்ரெட் கோடு மேலே நகர்த்துங்கள். 440 ஹெர்ட்ஸில் கிளம்பிய ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போய் 466-ல் நிற்கும். இப்போது ஒலிக்குப் பின்னால் ரீங்காரம் சேர்க்கும் ரிவெர்ப்பைத் தாராளமாகத் திறந்துவிட்டு அதையே செய்யுங்கள். கை 466-க்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பழைய 440 தேய்ந்தபடி ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும்போது ஒலி நொடிக்கு 26 முறை ஏறி இறங்கும். அவ்வளவு வேகமான ஏற்ற இறக்கத்தைக் காது எண்ணாது. வெறும் கரகரப்பாகத்தான் உணரும்.

இந்த வாத்தியத்துக்கு ரிவெர்ப் பெடல் (அந்த ரீங்காரத்தைத் தரும் சின்னப் பெட்டி) தேடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் நிற்கும். ஸ்டீலில் சுருதி ஓரிடத்தில் இருப்பதே அபூர்வம். உருளை வழுக்கும், வாத்தியத்தின் அடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ஒரு தந்தி இறுகும், முழங்காலால் நெம்புகோலைத் தள்ளினால் இன்னொன்று தளரும். ரிவெர்ப்போ, கடந்துபோன ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. ஆகவே எது அழகாக மிதக்கிறது என்பதைவிட, எது பழைய ஸ்வரத்தைச் சரியான நேரத்தில் கைவிடுகிறது என்பதே முக்கியம் என்பேன்.

அந்த நேரத்தை முதன்முதலில் முறையாக அளந்தவர் இயற்பியலாளர் வாலஸ் சபின். 1895-ல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஓர் ஒலி அடங்க சுமார் 5.5 நொடி ஆனது. அவருடைய வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய அளவுகோல்: ஒலி 60 டெசிபல் குறைய, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்க, எத்தனை நொடி ஆகிறது? ரிவெர்ப் பெடலில் 'டிகே' என்று இருக்கும் குமிழ் மாற்றுவது ஏறக்குறைய இந்த நேரத்தைத்தான். மெதுவான பாட்டுக்கு 2 நொடி வரை தாங்கும். வேகமாக விரல் ஓடும் இடத்தில் 1 நொடியே எனக்கு அதிகமாகப் படுகிறது.

இனி ரிவெர்ப்பின் வகைகள். ஸ்பிரிங் ரிவெர்ப்பின் மூலக் கருத்து, தொலைபேசித் தொடர்பில் ஏற்படும் தாமதத்தைப் போலச் செய்து பார்க்க பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அங்கிருந்து ஹாமண்ட் ஆர்கனுக்குப் போய், 1961-ல் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் தனிப் பெட்டியாகவும், 1963-ல் அதன் ஆம்ப்புக்குள்ளேயும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வந்துவிட்டது. ஸ்பிரிங்கின் ஒரு முனையை மின்காந்தம் உலுக்குகிறது. அதிர்வு மறுமுனைக்குப் போய், திரும்பி, மறுபடி போகிறது. எல்லா அதிர்வெண்களும் ஸ்பிரிங்கில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால், சுரீரென்று ஓர் அடி விழுந்தால் அது நீண்டு, நீர் சொட்டுவதுபோல் கேட்கும்.

சாதாரண கிட்டாரில் தூக்கலாகத் தெரியும் அந்தச் சொட்டு ஸ்டீலில் பெரிதாகக் கேட்காது. காரணம், ஒலியளவைப் பாதத்தால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல். வாசிப்பவர் பெடலைப் பாதி மூடி வைத்துத் தந்தியை மீட்டுகிறார். ஒலி தேயத் தேயப் பாதத்தை அழுத்தித் திறக்கிறார். மீட்டலின் கூர்மை மழுங்கிவிடுவதால் ஸ்பிரிங்குக்கு மென்மையான அலைதான் போய்ச் சேர்கிறது. இன்னொன்று, ஸ்பிரிங் உச்ச அதிர்வெண்களை அவ்வளவாகக் கடத்தாது. பழைய ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உச்ச இழைகள் வராததால் கரகரப்பும் குறைகிறது. ஸ்டீலும் ஸ்பிரிங்கும் இத்தனை காலம் ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தகடு வகை வேறு மாதிரி. 1957-ல் ஜெர்மனியில் வந்த ஈஎம்டி 140 என்ற ரிவெர்ப் கருவிக்குள் தொங்கியது சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரமுள்ள மெல்லிய எஃகுத் தகடு. எதிரொலிகள் உடனே நெருக்கமாகக் குவிந்துவிடும், சொட்டு கிடையாது. இன்றைய பெடல்கள் அதைக் கணக்கீட்டால் உருவாக்குகின்றன. நெடிய, அழுகை கலந்த மெட்டுகளுக்கு நான் இதையே எடுப்பேன், டோன் குமிழைக் குறைத்து வைத்து.

மாடுலேஷன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ரீங்காரம் உலோகத்தனமாகக் கேட்காமலிருக்கப் பல டிஜிட்டல் பெடல்கள் அதன் சுருதியை லேசாக ஆட்டிவிடும். ஸ்டீல்காரர் உருளையை மயிரிழை அளவுக்கு நகர்த்திக் காதால் சுருதி சேர்ப்பவர். அப்படிச் சேர்த்ததைப் பெட்டி கலைக்கக்கூடாது. ஆட்டத்தை நிறுத்த வழியில்லாத பெடல் வேண்டாம்.

அப்புறம் இணைக்கும் வரிசை. ரிவெர்ப்பை வால்யூம் பெடலுக்கு முன்னால் மாட்டினால், தந்தி தேயும்போது நீங்கள் பாதத்தை அழுத்த, போன ஸ்வரத்தின் ரீங்காரமும் சேர்ந்து மேலெழும். பாதத்தை எடுத்தால் ரீங்காரம் வெட்டுப்படும். பின்னால் மாட்டினால் அது தன் போக்கில் அடங்கும். ஆனால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஸ்டீலின் பிக்கப் நிறையச் சுற்றுகள் கொண்ட சுருள். அதன் மின்தடை பெரும்பாலும் 17,000 ஓம்முக்கு மேல். மின்சாரம் இல்லாத வால்யூம் பெடலில் 500 கிலோ ஓம் மின்தடை இருக்கும். இவற்றுக்குப் பின்னால் வரும் ரிவெர்ப்பின் உள்ளீட்டு மின்மறுப்பு 1 மெகா ஓம் அளவுக்கு இல்லையென்றால், ரிவெர்ப் தொடங்கும் முன்பே மேல் ஒலிகள் மங்கிவிடும். குறைவாக இருந்தால் பிக்கப்பை அடுத்து ஒரு பஃபர் (ஒலி மங்காமல் கடத்தும் சின்ன மின்சுற்று) போடுங்கள், சரியாகிவிடும்.

கடைசியாக, ரிவெர்ப் பெடலை எங்கே வைப்பது? இடது பாதம் வாத்தியத்தின் பெடல்களில், வலது பாதம் வால்யூமில், முழங்கால்கள் இரண்டும் நெம்புகோல்களுக்கு நடுவில், கைகள் தந்திகளில். தரையில் கிடக்கும் சுவிட்சை மிதிக்க உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. பலர் ரிவெர்ப்பை ஆம்ப் மேலேயோ, வாத்தியத்தின் காலில் பொருத்திய சின்னத் தட்டிலோ வைத்துக்கொள்கிறார்கள். எனவே பட்டியல் பட்டியலாகத் திரை விரியும் பெடலைவிட, ஆளுக்கொரு வேலையுடன் மூன்று நான்கு குமிழ்கள் உள்ள பெடல் மேல். மெதுவான பாட்டு முடிந்து வேகமானது தொடங்கும் அந்தச் சில நொடிகளில், பார்க்காமலே கை போய் டிகேயைக் குறைத்துவிட்டு வர வேண்டும்.