மின்னூல் என்றால் எந்த நூல்?

மின்னணுத் துணி, பெயர்ச்சொல். மின்சாரத்தைக் கடத்தும் இழையை நெய்தோ பின்னியோ தைத்தோ சேர்த்து, அதன் வழியாக உணரி (சென்சார்), விளக்கு, சில்லு (சிப்) போன்ற உறுப்புகளை இயங்கவைக்கும் துணி. ஆங்கில வழக்கில் இ-டெக்ஸ்டைல். சட்டைப்பையில் போட்ட கைபேசியும் மணிக்கட்டில் கட்டிய கடிகாரமும் இதில் அடங்கா. சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது மின்சுற்றும் கூடவே கொடிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் அது மின்னணுத் துணி.

டெக்ஸ்டைல் என்ற சொல்லைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடலூர் சாலையில் முதலியார்பேட்டையில் இருந்த ஆலையை ஊரே ‘ஏஎஃப்டி’ என்று அழைத்தது. ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று முழுப்பெயரைச் சொன்னவர்கள் குறைவு. 1898இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கியது, 2020இல் மூடப்பட்டது. சொல்லின் வேர் இலத்தீன்: ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். எழுத்தில் அமைந்த உரையைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்’டும் அதே வேரில் முளைத்தது. முன்னொட்டாக நிற்கும் ‘இ’, எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்து. அது கிரேக்க ‘எலெக்ட்ரான்’, அதாவது அம்பர் என்ற இறுகிய மரப்பிசின். கம்பளியில் தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதைக் கிரேக்கர்கள் பார்த்திருந்தார்கள். 1600இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் அந்த இழுப்புக்கு அம்பரின் பெயரிலிருந்தே ஓர் இலத்தீன் சொல்லை ஆக்கினார். 1891இல் அயர்லாந்து இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோனி மின்சாரத்தின் அடிப்படை அலகுக்கு எலக்ட்ரான் என்று பெயர் வைத்தார். ஆக, மின்சாரத்தின் பிறப்பிலேயே ஒரு துண்டுக் கம்பளி உடனிருந்திருக்கிறது.

தமிழ்ப் பக்கம் கதை வேறு. ‘துணி’ நெய்தலிலிருந்து வரவில்லை, வெட்டுதலிலிருந்து வந்தது. துணித்தல் என்றால் அறுத்தல். தறியிலிருந்து துணித்து எடுத்தது துணி. சங்க காலத்தில் துணிக்கு ‘அறுவை’ என்றே பெயர். பாம்பின் தோல் போன்ற மெல்லிய உடையைப் பொருநராற்றுப்படை ‘அரவுரி அன்ன அறுவை’ என்கிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார். அவர் இன்று கடைப் பலகை எழுதினால் மருத்துவமனை என்று நினைத்து ஆட்கள் வருவார்கள், பேச்சைக் கேட்டுவிட்டு அறுவை என்று எழுந்துபோனாலும் போவார்கள். கூறையும் கூறு போட்டது, துண்டும் துண்டாக்கியது. ஐரோப்பிய வணிகர்களும் இந்தக் கணக்கில்தான் வாங்கினார்கள். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கடலூர் வட்டாரத்தில் அந்தக் கம்பெனி கொள்முதல் செய்த துணிக்கு ஆங்கிலத்தில் ‘பீஸ் குட்ஸ்’ என்று பெயர். துண்டுச் சரக்கு என்று அப்படியே தமிழாக்கலாம்.

இந்த வேர்ப்பொருளை வேண்டுமென்றே நீட்டிச் சொல்கிறேன். மின்னணுத் துணியின் முதல் சிக்கல் அதில்தான் இருக்கிறது. சாதாரணத் துணியை எங்கே வெட்டினாலும் அது துணிதான். சட்டைக்குத் துணித்ததில் மிஞ்சியது கைக்குட்டைக்கு ஆகும். கடத்தும் இழை ஓடும் துணியைத் தையற்காரர் கழுத்துக்காக வளைத்து வெட்டினால், அந்த வளைவில் போகும் ஒவ்வொரு பாதையும் அறுந்து சுற்று திறந்துவிடும். வெட்டிய முனைகளை வைத்துத் தைத்தால் துணி சேரும், மின்சாரம் சேராது.

இதற்கு ஒரு தீர்வு கண்டவர்களில் சுந்தரேசன் ஜெயராமன் முக்கியமானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர், ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1996இல் அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியோடு அவருடைய குழு வேலையைத் தொடங்கியது. போர்க்களத்தில் சுடப்பட்ட வீரனின் உடலில் குண்டு எங்கே பாய்ந்தது, நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதைச் சட்டையே சொல்ல வேண்டும். உடல் முழுவதும் ஓடும்படி ஒளியிழையை நெய்தார்கள். குண்டு துளைத்த இடத்தில் இழை அறுந்து ஒளி தடைப்பட்டால் இடம் தெரிந்துவிடும். வெட்டினால் இழை அறுமே என்பதற்காக, வெட்டித் தைக்கும் வேலையையே விட்டுவிட்டு, தறியிலிருந்து உடையாகவே இறங்கும்படி நெசவை மாற்றினார்கள். அதற்கு அவர்கள் வைத்த ‘வேரபிள் மதர்போர்டு’ என்ற பெயர் ‘அணியும் தாய்ப்பலகை’ என்று பொருள்படும். வேர்ப்பொருளைக் கறாராகப் பார்த்தால் துணிக்காத அந்தச் சட்டையைத் துணி என்றே சொல்ல முடியாது. சொற்கள் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை என்பதால் துணியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து முன்னொட்டு. ‘மின்’ போதுமா, ‘மின்னணு’ வேண்டுமா? ‘மின்துணி’ சிறியது, வாய்க்கு இதமானது, செய்தித்தாள் தலைப்புக்கு வசதியானது. ஆனால் தமிழில் மின் என்ற முன்னொட்டு இரண்டு வேலை பார்க்கிறது. மின்விசிறியில் அது மின்சாரத்தால் ஓடுவதைக் குறிக்கிறது, மின்னஞ்சலில் கணினி வழி வருவதைக் குறிக்கிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் போனவர்கள் குளிர் தாங்க, உள்ளே சூடேற்றும் கம்பி ஓடும் உடை அணிந்தார்கள். அதை மின்துணி என்று தாராளமாகச் சொல்லலாம். வெப்பம் மட்டும்தான் வேலை, உணர்வதும் கணக்கிடுவதும் இல்லை. உணரியும் சில்லும் சேரும்போதுதான் ‘மின்னணு’ என்ற நீளமான சொல்லுக்கு நியாயம் பிறக்கிறது. இலங்கைத் தமிழர்கள் எலக்ட்ரானை இலத்திரன் ஆக்கிக்கொண்டதால் அவர்களுக்கு இது ‘இலத்திரனியல் துணி’. அதிலும் குறை இல்லை.

‘ஸ்மார்ட் டெக்ஸ்டைல்’ என்பதையும் இதையும் ஒன்றாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெயில் பட்டால் நிறம் மாறும் சாயம் தோய்த்த துணியும், வெப்பத்தை உறிஞ்சி வைத்து மெல்ல வெளிவிடும் மெழுகுத் துகள்கள் சேர்த்த துணியும் ஸ்மார்ட் வகைதான். அவற்றில் ஒரு பேட்டரிகூடக் கிடையாது. அவற்றைச் ‘சூட்டிகைத் துணி’ என்று சொல்லுங்கள். மின்னணுத் துணி அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை.

இனி நூல். மின்சாரத்தைக் கடத்தும் நூலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கண்டக்டிவ் த்ரெட் என்பதைத் தமிழாக்க உட்காருபவரின் கை தானாக ‘மின்னூல்’ என்று எழுதிவிடும். ‘மின்னூலை 20 முறை துவைத்தும் அறுந்துபோகவில்லை’ என்று ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். வாசகர் கைபேசியில் படிக்கும் புத்தகத்தைத் துவைத்ததாக எடுத்துக்கொள்வார். இழைக்கும் ஏட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதில் தமிழுக்குப் பெருமை உண்டு; பஞ்சும் இழையுமாக நூல் உருவாகும் முறையைப் புலமைக்கு உவமையாக்கி நன்னூல் பாடிய வெண்பாவைத் தமிழாசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குக் கொடுக்கும் விலை இது. ‘மின்னிழை’யும் காலியாக இல்லை, பழைய குண்டு பல்புக்குள் ஒளிரும் கம்பி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ‘ஒளியிழை’ இணையக் கம்பிவடத்துக்குப் போய்விட்டது. மிஞ்சுவது ‘கடத்துநூல்’. வினையை முன்னே வைத்துப் பெயரைப் பின்னே ஒட்டும் ஊறுகாய், சுடுசோறு வழியில் அமைந்த சொல். எழுதுபவர் விளக்கம் தேட வேண்டியதில்லை.

கடத்துநூல் இங்கே புதுப்பொருள் என்று நினைக்க வேண்டாம். பட்டு நூலைச் சுற்றித் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருளாகப் பொதிந்து தங்க முலாம் பூசினால் அசல் சரிகை. வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், பீரோவில் இருக்கும் பழைய பட்டுப்புடவையின் சரிகை இழை ஒன்றில் இரண்டு முனைகளையும் சற்று இடைவெளி விட்டு வைத்துப் பாருங்கள். அசல் சரிகையானால், பெரும்பாலும் கருவி கூவும். பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் ஏற்றி மேலே மெருகு பூசிய இன்றைய மலிவுச் சரிகையில் அது வாயே திறக்காது. 1997இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஓர்த் இருவரும் மின்சுற்றுக்கு எடுத்துக்கொண்டதும் இப்படிப்பட்ட துணிதான். நெடுக ஓடும் பாவில் வெறும் பட்டு, குறுக்கே ஓடும் ஊடையில் செம்புத் தகடு சுற்றிய பட்டு. பாவில் உலோகம் இல்லாததால் ஊடை இழை ஒவ்வொன்றும் தனிக் கம்பியாக நின்றது.

அதற்காகக் கல்யாணப் புடவையில் விளக்கு எரிய வைக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். முந்தானையில் சரிகை நெருங்கி ஓடுகிறது. ஓர் இழை அடுத்ததைத் தொட்டுக்கொண்டே போவதால் மொத்தமும் ஒரே தகடு போல ஆகிவிடும். தனித்தனிப் பாதை கிடைக்காது. கடற்கரை ஊர்களில் வெள்ளிச் சரிகை கறுப்பதும் எல்லோர் வீட்டுக் கதைதான். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களும் வியர்வை உப்பும் வெள்ளியை விடுவதில்லை. நைலானில் வெள்ளி பூசிய கடத்துநூலுக்கும் இதே கதி, துவைக்கத் துவைக்க மின்சாரத்துக்குத் தடை ஏறும். துருப்பிடிக்காத எஃகு இழை தாக்குப்பிடிக்கும், ஆனால் தடை கூடுதல், ஈயப்பற்று எளிதில் ஒட்டாது.

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் பெரியவர் ஒருவரிடம் இதை விளக்கியபோது, “தம்பி, இதைப் பாவில் ஓட்டுவதா, ஊடையில் விடுவதா?” என்றுதான் முதலில் கேட்டார். ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கம் பேசும் கேள்வி அது. பாவு நூல் இழுவிசையில் நிற்கிறது. பாவைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும் ஊடையை நெருக்கும் அச்சின் பல்லிலும் முறைக்கு முறை உரசுகிறது. பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடுவதே அந்த உரசலைத் தாங்கத்தான். வெள்ளி பூசிய நூலைப் பாவில் ஓட்டினால் பூச்சு தறியிலேயே உரிய ஆரம்பிக்கும். ஊடை, நாடா என்ற ஓடத்தில் அமர்ந்து ஒரே தாவலில் குறுக்கே போய்விடும், அதற்கு அடி குறைவு. நான் ஊடை என்றேன். “அப்படியானால் நீங்கள் சொல்லும் கம்பி குறுக்கேதான் ஓடும், நெடுக ஓடாதே” என்றார். உண்மைதான். நெடுக ஓட வேண்டும் என்றால் கரையில் எஃகு இழையைத் தனிப் பாவாக ஓட்டவேண்டும், இல்லையென்றால் நெய்த பிறகு ஊசியால் போடவேண்டும்.

ஊசி வழிக்கும் பெயர் இருக்கிறது. போஸ்ட்டும் ஓர்த்தும் மற்றவர்களும் 2000இல் எம்பிராய்டரியோடு ‘இ’யைச் சேர்த்து ‘இ-பிராய்டரி’ என்று ஒரு சொல்லை விளையாட்டாக ஆக்கினார்கள். தமிழில் ‘மின்பூத்தையல்’ என்றால் விளையாட்டும் கெடாது, பொருளும் கெடாது. புதுச்சேரியில் க்ளூனி கன்னியர் மடத்தின் பூத்தையலைப் பார்த்தவர்களுக்கு எந்தக் கை இந்த வேலைக்குத் தோதானது என்று சொல்ல வேண்டியதில்லை.

நெய்த வழிக்கு ‘மின்நெசவு’ என்று வைக்கலாம். 2015இல் கூகுள் தன் திட்டத்துக்கு ஜக்கார்ட் என்று பெயரிட்டது, 1804இல் துளையட்டைத் தறி அமைத்த லியோன் நகரத்துக்காரரின் பெயர். அந்தப் பெயர் நம் நெசவாளர்களிடம் ஜக்காடு என்று நெடுங்காலமாகப் புழங்குகிறது. 2017இல் லீவைஸோடு சேர்ந்து விற்பனைக்கு வந்த டெனிம் மேல்சட்டையின் விலை 350 டாலர். இடது மணிக்கட்டுப் பட்டையைத் தடவினால் கைபேசியில் பாட்டு மாறும். சுமார் 10 துவையல் வரை தாங்கும் என்று சொல்லியே விற்றார்கள். கூகுள் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மென்மையான துணியும் கடினமான சில்லும் சேரும் இடத்துக்கு இன்னும் சொல் இல்லை. பல வடிவமைப்புகளில் அந்த வேலையைச் செய்வது உலோகப் பிரஸ் பட்டன்தான். துவைக்குமுன் பேட்டரியைக் கழற்றலாம், மாட்டினால் மின்தொடர்பும் கிடைக்கும். ‘மின்னிணைப்பான்’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். தையற்கடைக்காரர் பிரஸ் பட்டன் என்கிறார், அதையே வைத்துக்கொள்கிறேன்.