கடலோரச் சேற்றில் நெல்லின் பங்காளி

மதுரையைச் சுற்றி உப்புக் கிணற்றை நம்பி நடவு செய்கிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். கோடையில் வரப்போரம் வெள்ளையாக உவர் பூத்திருக்கும். பயிரின் தோகை நுனியிலிருந்து வெளுத்து, சுருண்டு, காய்ந்துகொண்டே வரும். மண்ணில் உப்பு ஏறினால் வேருக்குத் தண்ணீரை இழுப்பதே பாடாகிவிடுகிறது. அதையும் மீறி இழுத்தால் கூடவே சோடியம் ஏறி, இலைக்குள் பொட்டாசியம் செய்யவேண்டிய வேலைகளைக் கெடுக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சோடியம் இலையிலேயே தங்கிவிடும்.

மண்ணின் உப்பை மின்கடத்துத்திறனை வைத்து அளப்பார்கள். அதற்கு அலகு டெசிசீமன்ஸ். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். 7 வாக்கில் பாதி போய்விடும். கடல்நீர் 50-ஐ ஒட்டி இருக்கும்.

ஆனால் 20-க்கு மேல் போனாலும் அசராமல் நிற்கிற பங்காளி ஒருத்தன் நெல்லுக்கு இருக்கிறான். ஒரைசா கோயார்க்டேட்டா என்ற காட்டுநெல் அது. சுந்தரவனத்தில், கடலும் ஆறும் கலக்கும் சேற்றில், ஓதம், அதாவது கடலேற்றம், வரும்போதெல்லாம் முழுகி எழுகிறது.

அதன் இலையைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். மேற்பரப்பில் நீளவாக்கில் வரிவரியாக மேடும் பள்ளமும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். உள்ளே வந்த உப்பை இந்த மயிர்கள் வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏற ஏற ஈரம் உலர்ந்து இலைமேல் உப்புப் படிகமாக நிற்கும். அடுத்த ஓதமோ மழையோ கழுவிவிடும். சோடியம் இப்படி வெளியேறிக்கொண்டே இருப்பதால் இலைக்குள் பொட்டாசியத்தின் கை ஓங்கியே இருக்கிறது.

இந்தக் குணத்தைச் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவரப் பல காலமாக முயற்சி நடக்கிறது. லேசில் ஒட்டாது: நம் நெல்லுக்கு 24 குரோமோசோம், இதற்கு 48. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கில் ஒட்டுக்கட்டிப் பார்த்து, ஐ.ஆர்.56 ரகத்தோடு சேர்த்த ஒரு செடியைப் பிழைக்கவைத்ததாக 2013-ல் அறிவித்தது.

உப்பைச் சமாளித்தால் மட்டும் போதாது, அந்தச் சேற்றில் காற்றே கிடையாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு காலம் தள்ளுகின்றன. அழுகிய முட்டை வாடை அதனால்தான். காட்டுநெல்லும் ஒரு புல்தான்; அந்தப் புல்லின் தண்டுக்குள் காற்று இறங்க வழி இருக்கிறது. வேர்வரை ஆக்சிஜன் போகிறது. இதில் நம் நெல்லும் சளைத்ததல்ல. சேற்றிலிருந்து பிடுங்கிய நெற்பயிரின் வேரில் துரு நிறம் படிந்திருந்தால், வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்த தடயம் அது.

எனக்கு இந்தப் புல்லின் உப்பு வித்தையைவிட, அது நிலத்தைக் கட்டுகிற விதம்தான் பெரிதாகப் படுகிறது. ஓத நீர் வண்டலோடு வருகிறது. நெருக்கமான தண்டுகளுக்கிடையே நுழைந்ததும் வேகம் குறைந்து, வண்டல் அடியில் உட்காருகிறது. சேற்றுக்குள் படரும் கிடைத்தண்டுகளும் வேர்களும் அதைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. திட்டு மெல்ல உயரும். பிறகுதான் அலையாத்தி விதைகள் வந்து காலூன்ற இடம் கிடைக்கிறது. அலையாத்திக் காட்டைப் படம்பிடிக்க ஆள் இருக்கிறது, அதற்குத் தரை போட்ட புல்லை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. செத்து மடியும் தழை மெதுவாக மக்கி நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் தீனியாகிறது. மக்காத மிச்சம் சேற்றில் புதைய, அதிலுள்ள கார்பனும் கூடவே புதைகிறது.

நம் பக்கத்துக் கடல் என்றால் ராமநாதபுரம் கரைதான். அங்கே உவர் வெளிகளில் உமரியும், தரையோடு படரும் ஏலுரோபஸ் என்ற குட்டைப் புல்லும் உண்டு. ஏலுரோபஸும் இலை வழியே உப்பைக் கக்கும் புல்தான்.

இத்தகைய புற்கள் நிலத்தை உயர்த்துவதற்கு வண்டல் வந்துகொண்டே இருக்கவேண்டும். கடல்மட்டம் ஏறுகிற வேகத்துக்குத் திட்டும் உயராவிட்டால் புல் நிரந்தரமாக முழுகி அழுகிவிடும். நம் வைகையோ பல ஆண்டுகள் கடலையே பார்ப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி வழிந்தால்தான் மிச்சம் பாக் நீரிணைக்குப் போகும். மலையிலிருந்து வரும் வண்டலில் ஒரு பங்கு, 1959-ல் திறந்த வைகை அணையிலேயே படிந்துவிடுகிறது. தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம் அணையின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். கரைக்குப் போய்ச் சேராத மண்ணையும் அந்தக் கணக்கில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.