‘சிஸ்டர் சிட்டி’: அக்காள் ஊரா, தங்கை ஊரா?

வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நகரங்களின் மேயர்கள் கையெழுத்திட்டு, கல்வி, பண்பாடு, வணிகம் ஆகியவற்றில் நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதாக உறுதி கூறும் ஏற்பாட்டை அமெரிக்கர்கள் ‘சிஸ்டர் சிட்டி’ என்றும் பிரித்தானியர்கள் ‘ட்வின் டவுன்’ என்றும் அழைக்கிறார்கள். தமிழில் இதற்கென ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. சென்னையைப் பற்றிய செய்திகளில் ‘சகோதரி நகரம்’, ‘சகோதர நகரம்’ என்று மாறி மாறி வருகிறது. 2016இல் யாழ்ப்பாணமும் இலண்டனின் கிங்ஸ்டன் அபான் தேம்ஸும் கையெழுத்திட்டபோது அது ‘இரட்டை நகர உடன்படிக்கை’ எனப்பட்டது. ஒருவர் அமெரிக்கச் சொல்லைப் பெயர்த்துக்கொண்டார், மற்றவர் பிரித்தானியச் சொல்லைப் பெயர்த்துக்கொண்டார் என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அமெரிக்காவில் இவ்வகை உறவுகளுள் முதலாவதாகச் சொல்லப்படுவது, ஒகையோ மாநிலத்தின் டொலீடோ நகரம் 1931இல் தன் பெயர்மூலமான ஸ்பெயினின் தொலேதோவோடு செய்துகொண்டதாகும். (அதே டொலீடோதான் இன்று நம் கோயம்புத்தூருக்கும் உறவு.) ஆனால் இந்தச் சொல்லுக்குள் உயிர் புகுந்தது போர்க்காலத்தில். 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் இடிந்துபோன இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்துப் பெண்கள் 800க்கும் மேற்பட்டோர், ஒரு மேசைவிரிப்பில் தத்தம் பெயரை நூலால் தைத்து, ஆளுக்கு ஆறு பென்ஸும் சேர்த்து, தங்களைப் போலவே அழிவைக் கண்ட ஸ்டாலின்கிராட் நகரத்துக்கு அனுப்பினர். 1944இல் இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. மேசைவிரிப்பு முன்னே போயிற்று, உடன்படிக்கை பின்னே வந்தது. இந்த வரிசையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1956 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டி, அரசுகளை நம்பியிராமல் மக்கள் நேரடியாக மக்களோடு பழக வேண்டும் என்ற திட்டத்தைத் தொடங்கியபின், ‘சிஸ்டர் சிட்டி’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது.

பிற மொழிகள் இக்கருத்தை வாங்கிய விதம் சுவையானது. பிரெஞ்சுக்காரர் ‘இரட்டையாக்கல்’ என்றும், ஜெர்மானியர் ‘பங்காளி நகரம்’ என்றும் வைத்தனர். இந்தப் ‘பங்காளி’ நம் ஊர்ப் பங்காளி அல்லர், தொழிலில் கூட்டாளி. ரஷ்யர் வைத்த சொல், பிறப்பால் அன்றி உறுதிமொழியால் சகோதரரானவரைக் குறிப்பது. இராமனுக்குக் குகன் எப்படியோ அப்படி. சீனர்களுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. அவர்கள் மொழியில் ‘சகோதரிகள்’ என்னும் சொல்லே அக்காள், தங்கை என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. ஆகவே எந்த ஊர் அக்காள், எந்த ஊர் தங்கை என்ற கேள்வி எழுந்துவிடும். 1973இல் தியான்ஜின் நகரம் ஜப்பானின் கோபேயோடு உறவு பூண்டதிலிருந்து சீனர்கள் ‘நட்பு நகரம்’ என்றே சொல்லி வருகின்றனர்.

இந்த இக்கட்டு நமக்கும் உண்டு. தமிழில் அக்காளும் தங்கையும் உண்டு. வயதைச் சொல்லாமல் இருவரையும் பொதுவாகக் குறிக்கும் வீட்டுச் சொல் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்ததே வடமொழிச் ‘சகோதரி’. ‘சக’ என்றால் கூட, ‘உதரம்’ என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவள் என்பது பொருள். மேடைப் பேச்சில் நிலைத்த இச்சொல்லால் நாம் வீட்டில் யாரையும் கூப்பிடுவதில்லை. ‘உடன்பிறப்பு’ என்று தூய தமிழாக்கலாமே என்றால், தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்டதும் வெளிநாட்டு நகரம் எதுவும் நினைவுக்கு வராது, ஒரு கட்சியின் தொண்டர்தான் நினைவுக்கு வருவார். ‘இரட்டை நகரம்’ வேறு வகையில் தவறுகிறது. ஐதராபாத்தும் செகந்திராபாத்தும், திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் போல ஒட்டிக் கிடக்கும் ஊர்களைக் குறிக்க அது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. கடல் கடந்த ஊருக்கும் அதையே சொன்னால் படிப்பவர் தடுமாறுவார்.

இவற்றைவிட ஆழமான தடையொன்றை நான் காண்கிறேன். சகோதரி, இரட்டை, உடன்பிறப்பு ஆகிய மூன்றும் பிறப்பால் வரும் உறவுகள். பத்தாண்டு பேசாமல் இருந்தாலும் தங்கை தங்கைதான். நகரங்களுக்கு அந்த வசதி இல்லை. சென்னைக்கு வோல்கோகிராட்டோடு, அதாவது பழைய ஸ்டாலின்கிராட்டோடு, 1966 முதலும், அமெரிக்காவின் டென்வரோடு 1984 முதலும் உறவு இருக்கிறது என்பதைச் சென்னைவாசிகளில் எத்தனை பேர் அறிவர்? டென்வரில் சென்னையின் பெயரால் ஒரு பூங்காவே இருக்கிறது. ‘நிறைநீர நீரவர் கேண்மை’ என்று தொடங்கும் 782ஆம் குறள், அறிவுடையோர் நட்பு பிறைபோல வளரும், பேதையர் நட்பு முழுமதிபோலத் தேயும் என்கிறது. கையெழுத்து விழாவன்று முழுமதியாக இருந்து, மேயர் மாறியதும் தேயத் தொடங்கும் உடன்படிக்கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் கண்டதில்லை. இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு நகர மன்றம் 2011இல் தன் பிரெஞ்சு, ஜெர்மானிய இணை நகரங்கள் இரண்டோடும் உறவை முறித்துக்கொண்டபோது, பிறப்புறவுச் சொல் எதையும் தடுத்து நிறுத்தவில்லை.

தேய்ந்ததை மீண்டும் வளர்த்தவர்கள் பெரும்பாலும் மாநகராட்சிக்கு வெளியே இருந்தவர்கள். டென்வருக்கும் பிரான்சின் பிரெஸ்டுக்கும் 1948இல் உண்டான உறவுக்கு மூலதனம் அரசுப் பணம் அன்று. போரில் சிதைந்த பிரெஸ்டைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பள்ளி ஆசிரியை சொல்ல, அவருடைய மாணவர்கள் சில்லறையாகத் திரட்டிய 32,000 டாலர்தான். அது அங்கே மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைக் கட்ட உதவியது. டென்வரில் இன்றும் ஒவ்வோர் உறவு நகரத்துக்கும் தன்னார்வலர் குழு ஒன்று தனியே இயங்குகிறது. சென்னையோடு 2008இல் இணைந்த டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இந்திய வம்சாவளியினர் ‘அனுஜா எஸ்ஏ’ என்னும் அமைப்பை நடத்துகின்றனர். தீபாவளியையொட்டி நகர நிர்வாகத்தோடு சேர்ந்து அவர்கள் எடுக்கும் விழாவில், ஊர் நடுவே ஓடும் ஆற்றில் அகல்விளக்குகளை மிதக்கவிடுகின்றனர். வடமொழியில் ‘அனுஜா’ என்றால் பின்னே பிறந்தவள், அதாவது தங்கை. சீனர்கள் கேட்கத் தயங்கிய கேள்விக்கு அங்கே ஒரு சங்கத்தின் பெயரே விடை சொல்லிக்கொண்டிருக்கிறது! யாழ்ப்பாண உடன்படிக்கைக்கும் கிங்ஸ்டன் பகுதியில் தமிழர் பெருந்தொகையாக வாழ்வதே அடித்தளம்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், பேணினால் வளர்வதும் விட்டால் அறுவதுமான ஓர் உறவைச் சுட்ட வேண்டும். சீனரைப் பின்பற்றி ‘நட்பு நகரம்’ எனலாம். ஆனால் அமெரிக்க நடைமுறையில் ‘சிஸ்டர் சிட்டி’க்கு ஒரு படி கீழான, கட்டுப்பாடு குறைந்த ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர் தனியே இருப்பதால், அதை அதற்கே விட்டுவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ‘கேண்மை நகரம்’ அழகானது. ‘கேள்’ என்னும் அடிச்சொல் உறவினரையும் நண்பரையும் ஒருங்கே குறிக்கும். எனினும் மாமன்றத் தீர்மானத்தில் எழுதலாமே தவிர, பேருந்தில் போகும்போது யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது ‘உறவு நகரம்’. ‘உறு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த உறவு, இரத்த வழி வந்ததையும் நாமே தேடிக்கொண்டதையும் வேறுபடுத்தாமல் ஏற்கும். இதற்கு ஓர் எளிய சோதனை, வினைச்சொல்லைச் சேர்த்துப் பார்ப்பது. சகோதரியைப் புதுப்பிக்க முடியாது, இரட்டையை மீட்டெடுக்க முடியாது. உறவையோ புதுப்பிக்கிறோம், கொண்டாடுகிறோம், விட்டுப்போனால் வருந்துகிறோம், போக்குவரத்து வைத்து மறுபடியும் ஒட்டவைக்கிறோம். ‘உறவு நகர உடன்படிக்கை’, ‘உறவு நகரக் குழு’, ‘உறவு நகர மாணவர் பரிமாற்றம்’ என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. சிற்றூர்களும் பேரூர்களும் இணையும்போது ‘உறவூர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். திருச்சிக்காரர்கள் மட்டும் அதை உறையூர் என்று கேட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடும்.