கிடப்பில் போடுவதும் ஊறப்போடுவதும்

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வருமான வரிக் கணக்குகள் பார்த்துவருகிறேன். எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நேரமே கிடைக்கவில்லை சார்." நானும் நெடுநாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். 2025 வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

அந்த ஆண்டு மாதச் சம்பளக்காரர்கள் கணக்குத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிவைத்தார்கள். அறிவிப்பு மே மாதமே வந்துவிட்டது. 46 நாள்கள் இலவசம். ஆகஸ்ட் முழுக்க என் அலுவலகத்தில் மின்விசிறி மட்டும்தான் வேலை செய்தது. செப்டம்பர் 12க்குப் பிறகோ மாடிப்படி வரை செருப்புகள். 15ஆம் தேதி இரவு நெடுநேரம் கழித்து இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளின் மாலையிலும் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் படிவம் 16 இல்லாமல்.

நேரம்தான் பிரச்சினை என்றால் 46 நாள்கள் போதாதா?

பிறகு யாராவது ஒரு வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்று சொன்னால், அந்த வேலைக்கு அவர் வைத்திருக்கும் பெயரைக் கேட்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒழுங்கான மனிதர், செய்ய வேண்டியவற்றைச் சிறு நோட்டில் வாரவாரம் எழுதிவைப்பவர். எட்டு மாதங்களாக ஒவ்வொரு வாரமும் அந்த நோட்டில் 'வரி ரீஃபண்ட்' என்று ஒரு வரி. கணக்கைத் தானே இணையத்தில் அனுப்பிவிட்டார். ஆனால் அனுப்பிய 30 நாள்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம். அந்தக் கட்டத்தில் அவருக்கு ஆதாருடன் இணைந்த கைபேசிக்குக் கடவு எண் போயிருக்கிறது. ஆதாரில் இருந்தது அவர் எப்போதோ கைவிட்ட எண். காகிதத்தில் கையெழுத்திட்டுப் பெங்களூருவுக்குத் தபாலில் அனுப்பும் வழியும் இருந்தது. அது நாளை, நாளை என்று போய்விட்டது.

அவர் நோட்டில் எழுதியிருக்க வேண்டியது 'வரி ரீஃபண்ட்' அல்ல. 'ஆதார் மையத்துக்குப் போய்க் கைபேசி எண்ணை மாற்று' என்பது. நூறு ரூபாய்கூடச் செலவாகாத, ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. முடிவின் பெயரை வேலையின் பெயராக எழுதியதால், நோட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுக்கு மலை தெரிந்தது, படி தெரியவில்லை. கடைசியில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி தனியாக விண்ணப்பித்துத்தான் அந்தப் பணத்தை மீட்டோம்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் என் வீட்டில் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தினமும் பிறருக்குச் சொல்கிறேன். 'பட்டா மாற்ற வேண்டும்' என்ற அந்த ஒற்றை வரி ஆறு ஆண்டுகள் என் டைரியிலிருந்து டைரிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

இதற்கிடையே பாட்டி காலமானார். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி இறந்தவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்ததால் மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் ஒரு பங்கு வந்திருந்தது. அப்போதே கேட்டிருந்தால் பாட்டி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டிருப்பார். ஒரே ஒரு கையெழுத்து. இப்போது அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போய்விட்டது. மூன்று அத்தைகள், ஒரு சித்தப்பா, பாட்டிக்கு முன்பே இறந்துவிட்ட பெரியப்பாவின் இரண்டு மகன்கள் என ஆறு கையெழுத்து வேண்டும். ஒரு அத்தை மும்பையில், பெரியப்பா மகன் ஒருவன் துபாயில். யாரும் பங்கு கேட்கவில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் போய் நிற்கும்போது, ஏன் இத்தனை நாள் கழித்து என்ற கேள்வி அவர்கள் கண்ணில் வந்து போகிறது.

கிடக்கும் வேலை கிடந்த இடத்தில் அப்படியே இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. பான் எண்ணை ஆதாருடன் இணைப்பது 2022 மார்ச் 31 வரை இலவசமாக இருந்தது. அடுத்த மூன்று மாதம் 500 ரூபாய், அதன் பிறகு 1,000. 2023 ஜூலை 1 முதல் இணைக்காத எண்ணே செயலிழந்தது. குழந்தையின் பிறப்புப் பதிவில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதைத் தவறவிட்டால் 15 ஆண்டுகளுக்குள் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது பதறி ஓடிவரும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன்.

சரி, என்ன செய்வது? சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். நாளைக் காலை இட்லி வேண்டுமென்றால் இன்று உளுந்தும் அரிசியும் ஊற வேண்டும். ஊறுவதற்கு நம் உழைப்பு தேவையில்லை, ஆனால் போட்டுவைக்கும் வேலை நம்முடையது. போடாமல் விட்டுவிட்டு இரவு முழுக்கக் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தால் மாவு கிடைக்காது. நிலுவை வேலைகளில் பெரும்பங்கு இந்த ரகம். வாரிசுச் சான்றிதழுக்கு நம் கைவேலை என்பது காகிதங்களைச் சேர்த்து இ-சேவை மையத்தில் கொடுப்பதுதான். மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மணி நேரம். மீதி எல்லாம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் அது ஊறும் காலம். வங்கியில் பெயர் மாற்றம், நகல் சான்றிதழ், தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடலாம் என்று எழுதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய அதிகாரப் பத்திரம் எல்லாமே இப்படித்தான்.

ஆனால் நாம் ஒரு நாளை எப்படித் தொடங்குகிறோம்? நம் கையிலேயே தொடங்கி நம் கையிலேயே முடிகிற வேலைகளைத்தான் முதலில் எடுக்கிறோம். மின்னஞ்சலைச் சுத்தம் செய்கிறோம், பீரோவை அடுக்குகிறோம். உடனே முடிவதால் திருப்தியாக இருக்கிறது. நான் இதைத் தலைகீழாக்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை ஊறப்போடுவதற்கு மட்டும். அலுவலகங்கள் திறந்திருக்கும், அழைத்தால் எடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதையும் முடிக்க முயல்வதில்லை. விண்ணப்பம் ஒன்றை அனுப்புவேன், ஒருவரைத் தொலைபேசியில் கேட்பேன், எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்று தேதி போட்டு வைப்பேன். தேதி போடாவிட்டால் ஊறப்போட்டது புளித்துவிடும். இதையும் அனுபவித்துத்தான் கற்றேன்.

செய்ய வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முடிப்பதுதான். கரூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது தொடங்கிய ஒரு வங்கிக் கணக்கில் 412 ரூபாய் வைத்துக்கொண்டு, அதை 'உயிர்ப்பிக்க வேண்டும்' என்று நான்கு ஆண்டுகள் எழுதி வந்தேன். எதற்கு? ஒரு நாள் போய் மூடிவிட்டேன்.

எதிர் நாற்காலிக்காரர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறேன். அதில் ஒரு வரிக்கு மேல் எழுத இடமிருக்காது. 'அம்மாவின் டிரங்குப் பெட்டியில் 1987 கிரையப் பத்திரம் இருக்கிறதா என்று ஞாயிறன்று பார்' என்பது போல. பத்திரம் கிடைத்தால் அடுத்த சீட்டு. கிடைக்காவிட்டாலும் அடுத்த சீட்டு உண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்பதற்கு.

என் சீட்டில் இந்த வாரம் இருப்பது துபாய்த் தம்பிக்கு அதிகாரப் பத்திரத்தின் வரைவை அனுப்புவது. அவன் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப நாளாகும். மும்பை அத்தை தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக வருகிறார், நான்கு நாள் தங்குவார்.