ஜாம்பியா என்று தேடினால் 1950 கிடைக்காது

ஆப்பிரிக்க வரலாற்றில் ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்கள் நூலகத்துக்கு வந்து என்னிடம் முதலில் சொல்வது, "தரவுத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டோம், ஒன்றுமே இல்லை" என்பதுதான். சென்ற பருவத்தில் ஒரு மாணவி, ஜாம்பியாவின் செப்புச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி 1950-களின் ஆவணங்களைத் தேடி இரண்டு வாரம் வீணாயிற்று என வருந்தினார். 1964 அக்டோபர் 24 அன்று விடுதலை பெறும்வரை அந்த நாட்டுக்கு வடக்கு ரொடீசியா என்றே பெயர். அதை இட்டதும் திரை நிரம்பியது. கானாவுக்குக் கோல்ட் கோஸ்ட், மலாவிக்கு நியாசாலாந்து, புர்க்கினா ஃபாசோவுக்கு அப்பர் வோல்டா எனப் பழைய பெயர்களை எழுதி வைத்துக்கொண்டே தேடலில் இறங்க வேண்டும்.

பெயரை மாற்றியும் கிடைக்காத இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கென்யாவில் 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது தடுப்பு முகாம்களில் வதைக்கப்பட்ட கென்ய முதியவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விளைவாக, முன்னாள் காலனிகளிலிருந்து எடுத்துச் சென்ற ஆயிரக்கணக்கான கோப்புகளை ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் வைத்திருப்பதைப் பிரிட்டிஷ் அரசு 2011-இல் ஒப்புக்கொண்டது. அதுவரை பொது அட்டவணை எதிலும் அவை இடம்பெறவில்லை. இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்சிஓ 141 (எஃப்சிஓ என்பது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் சுருக்கம்) என்ற வரிசையில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் காலனிகளை விட்டு வெளியேறும்போது அதிகாரிகள் எரித்தவை திரும்பி வரப்போவதில்லை. கோப்புகளைச் சாம்பலாக்கி அந்தச் சாம்பலையும் உடைத்துவிட வேண்டும், கடலில் போடுவதானால் எடை கட்டிய பெட்டிகளில், கரைக்கு வெகு தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதிய அறிவுரைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்த பிறகு, வெற்றுத் திரையைக் கண்டு "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று எழுத எவருக்கும் மனம் வராது.

கட்டணமின்றிக் கிடைப்பவையும் உண்டு. யுனெஸ்கோவின் எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாற்றை இணையத்திலேயே படிக்கலாம். அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் 36,000 பயணங்களைத் தொகுத்துள்ள 'ஸ்லேவ் வாயேஜஸ்' தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டோர், இறக்கப்பட்டோர் என இரண்டு எண்கள் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பார்த்த மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எந்தப் பெயரில், எந்த வரிசையில், எந்த நாளில் தேடி என்ன கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வேட்டில் எழுதுமாறு எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்த மாணவி தன் முதல் இயலில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.