ஐந்தாவது வகுத்தலில் பிடிபட்ட 641

4294967297. இது முதன்மை எண்ணா? முல்லைத்தீவிலோ ஒட்டுசுட்டானிலோ ஓ.எல். படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் 3, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தொடங்கும். முறை சரிதான், ஆனால் வர்க்கமூலம் 65536க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அதற்குள் 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன, அத்தனையையும் கையால் வகுக்க ஒரு தவணை விடுமுறை போதாது. கல்குலேற்றர் இல்லாமல், ஒரு கொப்பித் தாளில், ஐந்தே வகுத்தலில் விடை எடுக்க வழி இருக்கிறது. சோதனைக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாத எங்கட பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இந்த எண் 2³² + 1. ஒரு நெல்மணியை 32 தரம் இரட்டித்துக்கொண்டே போனால், 1000 மணி 25 கிராம் என்று வைத்தால், 100 தொன்னைத் தாண்டிவிடும், அவ்வளவு பெரிது. 2இன் சுட்டியாக 1, 2, 4, 8, 16ஐ வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று இதே வகையில் முன்னால் வரும் ஐந்தும் முதன்மை எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஒய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

எப்படி? ஏதோ ஒரு முதன்மை எண் இதை வகுக்கிறது என்று வைப்போம். அப்படியானால் அந்த எண்ணால் 2³²ஐ வகுக்க மீதி −1 (அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது), வர்க்கித்தால் 2⁶⁴இன் மீதி 1. 2இன் வலுக்களுடைய மீதிகள் வட்டமாகத் திரும்பத் திரும்ப வரும், இங்கே அந்த வட்டத்தின் நீளம் சரியாக 64, அதைவிடக் குறைந்தால் அது 64ஐ மீதியின்றி வகுக்கும் 32, 16 போன்ற எண்ணாகத்தான் இருக்கும், அப்போது 2³²இலேயே மீதி 1 வந்திருக்கும். அப்புறம் ஃபெர்மாவின் சொந்தத் தேற்றமே வந்து நிற்கிறது: அந்த முதன்மை எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதை 2இன் சுட்டியாக வைத்தால் மீதி 1. ஆகவே அந்த ஒன்று குறைந்த எண் 64இன் மடங்காகத்தான் இருக்க முடியும். 6542இல் பெரும்பகுதி இந்த ஒரே வரியில் கழிந்துபோகிறது! மிஞ்சுவதில் முதல் ஐந்து 193, 257, 449, 577, 641.

641ஐ வகுத்துப் பார்க்கவே தேவையில்லை, எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 640 = 5 × 2⁷, ஆகவே 5 × 2⁷இன் மீதி −1, அதன் நாலாம் வலு 5⁴ × 2²⁸இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴, ஆகவே 5⁴க்குப் பதிலாக −2⁴ஐப் போடலாம். போட்டால் −2³²இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

1878இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா எண்களைக் கழிக்கும் இந்த வடியை இன்னும் இறுக்கி, 64 இருந்த இடத்தில் 128 போதும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 641 வரைக்கும் சோதிக்க வேண்டியது இரண்டே இரண்டு எண்கள், 257உம் 641உம். மிச்சமான 6700417க்கும் இதே வடிதான், 257 முன்பே கழிந்ததால் அதன் வர்க்கமூலம் 2588க்குள் 641, 769, 1153, 1409 என்ற நாலைத்தான் பார்க்க வேண்டும், நாலுமே மீதி வைக்கும், அது முதன்மை எண்.