நீலத்தைக் காணோம், ஆச்சி

திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் புறவாசலில் துணி காயப்போடும் கொடியில் தினமும் காலை ஒரு மீன்கொத்தி வந்து உட்காருமாம். ஒருநாள் அது பறந்துபோன பிறகு கொடிக்கு நேர் கீழே ஓர் இறகு கிடந்திருக்கிறது. ஒரு பக்கம் கருப்பு, மறு பக்கம் கண்ணைப் பறிக்கும் நீலம். நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள். உடனே, "நீலத்தைக் காணோம், ஆச்சி" என்று கத்தியிருக்கிறாள். ஆச்சியும் வாங்கிப் பார்த்தார். நீலம் இருந்த இடத்தில் காய்ந்த புகையிலை போன்ற பழுப்பு. இறகைக் கீழே இறக்கி மேசைமேல் வைத்தால் நீலம் திரும்பிவிடுகிறது. "இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இதற்கு மட்டும் பேத்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஐயா" என்று முடித்திருந்தார்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அந்தப் பேத்திக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். அவள் கண்டது இயற்பியலில் மிக அழகான காட்சிகளில் ஒன்று.

முதலில் அந்தப் பறவையைப் பற்றி. பாளையங்கால்வாய் ஓடும் ஊரில் மீன்கொத்தி இருப்பதில் வியப்பில்லை. ஆனால் வீடுகளுக்கு வரும் வெண்மார்பு மீன்கொத்திக்குத் தண்ணீர் கட்டாயமில்லை. வெட்டுக்கிளி, பல்லி, ஓணான் என எது கிடைத்தாலும் போதும். சென்ற கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை விட்ட ஒரு காலையில், எங்கள் வீட்டு முருங்கைக் கிளையில் அது ஓர் அரணையைக் கவ்விக்கொண்டு வந்து உட்கார்ந்தது. சிவந்த அலகில் அரணையின் வாலைப் பிடித்து இடமும் வலமுமாக ஏழெட்டு முறை கிளையில் அறைந்தது. பிறகு தலையைத் திருப்பி, கழுத்தை நிமிர்த்தி, ஒரே விழுங்கு. வயிறு புடைத்த நிலையில் அது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது வெயில் அதன்மேல் விழுந்தது. ஈர முருங்கை இலைகளுக்கு நடுவே அந்த நீலத்தைப் பார்த்தபோது, நம் முன்னோர் இந்தக் குடும்பத்துப் பறவைக்குச் சிரல் என்று தனிப் பெயர் வைத்துப் பாடியதில் அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது.

பறவைகளின் நிறங்களில் பெரும்பாலானவை நமக்குப் பழக்கமான வழியில் வருபவை. காக்கையின் கருப்பும் மைனாவின் பழுப்பும் மெலனின். நம் தலைமுடியில் இருக்கும் அதே நிறமி. கூந்தன்குளத்துக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்பு, அது தின்னும் சிற்றுயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும் கிடைக்கும் நிறமி. ஆனால் நீலத்துக்கு இப்படி எதுவும் இல்லை. பறவை இறகுகளில் நீல நிறமி என்று ஒன்றே கிடையாது. மீன்கொத்தியின் நீல இறகை அம்மியில் வைத்து அரைத்தால் நீலப்பொடி வராது, பழுப்புப் பொடிதான் வரும். பேத்தி காணாமல் தேடிய நீலம், பொருளாக அந்த இறகுக்குள் எப்போதுமே இருந்ததில்லை.

அப்படியானால் கண்ணுக்குத் தெரிவது என்ன? இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் சீப்புப் பல்லைப்போல இழைகள் பிரிகின்றன. நீல இறகில் ஓர் இழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குக் கீழே ஒரு கடற்பஞ்சு தெரியும். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன சுவர்கள், அவற்றுக்கு நடுவே காற்று நிறைந்த துளைகள். கெரட்டின் வேறொன்றுமில்லை, நம் நகமும் முடியும் அதுதான். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 200 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் நானூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லியைப் பிட்டுப் பாருங்கள். அதிலும் சுவரும் துளையும்தான். உள்ளே நுழையும் ஒளி சுவருக்குச் சுவர் முட்டி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. துளைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடப்பதால் எந்த நிறத்துக்கும் சலுகை இல்லை. எல்லா நிறமும் சமமாகத் திரும்பி வருவதால் வெண்மை. சோப்பு நுரையும் உப்புத்தூளும் வெள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம். மீன்கொத்தி இழையில் நடப்பது வேறு. துளைகள் யாவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இடைவெளியும் ஒரே அளவு. அந்த இடைவெளி நீல ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் பட்டுத் திரும்பும் நீல அலைகள் ஏற்றத்தோடு ஏற்றமும் இறக்கத்தோடு இறக்கமும் சேர்ந்து ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. சிவப்பின் அலை நீளமானது, அதனால் இந்தக் கூட்டு அதற்கு வாய்ப்பதில்லை. அது இழையைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. குளத்தில் இரண்டு கல்லைப் போட்டு அலைகள் சந்திக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இழையைக் கடந்த சிவப்பும் மஞ்சளும் என்னவாகின்றன? பஞ்சுக்கு அடியில் மெலனின் துகள்கள் கரும்படுதாபோல் விரிந்திருக்கின்றன. மிச்ச ஒளியை அவை விழுங்கிவிடுகின்றன. அந்தக் கருப்பு இல்லாவிட்டால் மிச்ச ஒளியும் திரும்பி வந்து நீலத்தை வெளிறச் செய்துவிடும். பேத்தி இறகை ஜன்னலுக்கு நேரே தூக்கியபோது, பட்டுத் திரும்பும் ஒளி அவள் கண்ணுக்கு வரவில்லை; ஊடுருவி வரும் ஒளி மட்டும் வந்தது. அதில் நீலம் ஏற்கனவே குறைந்துபோயிருக்கிறது, மிச்சத்தையும் மெலனின் வடிகட்டியிருக்கிறது. அதனால்தான் அவளுக்குப் பழுப்பு தெரிந்தது.

இதுவரை சொன்னது பள்ளிப்பாடத்தின் நீட்சி. என்னை இரவில் தூங்கவிடாமல் செய்தது இதற்கு அடுத்த கேள்வி. இத்தனை சீரான பஞ்சை யார் கட்டுகிறார்கள்? செங்கல் அடுக்குவதுபோல் அடுக்க உயிரணுவுக்குள் கொத்தனார் யாரும் இல்லை.

இதற்கான பதிலை 2009-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இறகு வளரும்போது அதன் உயிரணுவுக்குள் நீரும் கெரட்டினும் கலந்த ஒரு குழம்பு இருக்கிறது. கெரட்டின் பெருகப் பெருக, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாமல் பிரியத் தொடங்குகின்றன. மோரைக் கடையும்போது வெண்ணெய் பிரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், பிறகு குருணை, பிறகு திரள். கடைந்துகொண்டே இருந்தால் கடைசியில் ஒரே உருண்டையாகிவிடும். எந்த நொடியில் நிறுத்தினாலும், அந்த நொடியில் குருணைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உயிரணு செய்வது அதைத்தான். பிரிதல் நடந்துகொண்டிருக்கும்போதே கெரட்டின் இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. அதற்குமேல் திரள வழியில்லை. பிறகு உயிரணு இறந்து காய்கிறது, நீர் இருந்த இடத்தில் காற்று புகுகிறது. நீலம் பிறக்கிறது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நாம் துக்கத்தோடுதான் சொல்வோம். மீன்கொத்தியின் முதுகில் அந்தத் தாழி உடைந்ததால்தான் நீலம் இருக்கிறது. சற்று முன்னால் நின்றிருந்தால் குருணை சிறுத்து, நிறம் ஊதாப் பக்கம் சாய்ந்திருக்கும். சற்றுப் பின்னால் என்றால் பசும்நீலம். அந்தந்த இனத்துக்கு உரிய நேரத்தில், ஒவ்வோர் இறகிலும், ஒவ்வோர் ஆண்டு இறகு உதிர்த்து முளைக்கும்போதும் இது தவறாமல் நடக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இந்தக் கதையில் நம் ஊர்ப்பக்கத்துப் பனங்காடைக்கும் பெரிய பங்கு உண்டு. நாங்குநேரி பக்கம் பஸ்ஸில் போகும்போது மின்கம்பியில் மங்கிய பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் சிறகில் இரண்டு வகை நீலத்தை விரித்துக் காட்டுமே, அதுதான். வானம் நீலமாகத் தெரிவதற்கான காரணமே பறவையின் நீலத்துக்கும் காரணம், அதாவது நுண்துகள்கள் தனித்தனியே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1934-ல் சர் சி.வி. ராமன் பனங்காடையின் இறகுகளை எடுத்து ஆராய்ந்து, அந்த விளக்கம் போதாது, அலைகள் சேர்ந்து ஒன்றையொன்று தூக்கிவிடும் குறுக்கீடு இதில் இருக்கிறது என்ற பக்கம் நின்றார். அவர் பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில், முதல் தொகுதியின் தொடக்கப் பக்கங்களிலேயே அந்தக் கட்டுரை இருக்கிறது. நோபல் பரிசு வாங்கி நான்கே ஆண்டுகள் ஆன ஒருவர், தம் இதழின் வாசலில் ஒரு பறவை இறகை வைத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைக் கணக்கிட்டு பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் குழுவினர் குறுக்கீடுதான் காரணம் என்று காட்டியது 1998-ல்.

இன்று நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஒரு மாணவி பனங்காடை இறகை ஆராயப் பணம் கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வெளுக்காத சாயம் செய்யலாம் என்று ஒரு பதில் இருக்கிறது; நிறமி வெயிலில் வெளுக்கும், துளைகளின் அளவு வெளுப்பதில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லித்தான் பணம் வாங்க வேண்டும் என்ற நிலையே தவறு என்பது என் கருத்து. பறவை ஏன் நீலமாக இருக்கிறது என்பது தன்னளவிலேயே முழுமையான கேள்வி. அதற்கு ஒரு நுண்ணோக்கியும் இரண்டு ஆண்டு உதவித்தொகையும் கொடுக்க முடியாத அளவுக்கு நாம் ஏழைகள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் மூட்டுவலிக்கு மயில் எண்ணெய் என்று புட்டியில் விற்கிறார்கள். அழகான உயிருக்குள் ஏதோ அருமையான சரக்கு இருக்க வேண்டும், அதைக் கொன்று காய்ச்சி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. மயிலின் கொழுப்பு வெறும் கொழுப்பு. அதன் பீலியிலும் நீலச் சரக்கு கிடையாது. மெலனின் குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிதான் அங்கே நிறம் காட்டுகிறது. மயிலைக் கொல்வது சட்டப்படி குற்றம். தயவுசெய்து அந்தப் புட்டியை வாங்காதீர்கள். மயிலிறகு குட்டி போடும் என்று நோட்டுக்குள் வைக்கும் பிள்ளைகளோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் பீலியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறும். மயிலிலும் செம்பருத்திக்கு வரும் ஊதாத் தேன்சிட்டிலும் அடுக்கு ஒழுங்கானது, அதனால் கோணத்துக்குக் கோணம் நிறம் வேறு. நிழலில் கருப்பாக இருக்கும் தேன்சிட்டு, தலையைத் திருப்பியதும் பளீரென்று பற்றிக்கொள்ளும். மீன்கொத்தியின் பஞ்சு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, அதனால் எங்கிருந்து பார்த்தாலும் அதே நீலம்.

பச்சைக்கிளியின் பச்சையும் இந்த வழியில் வந்ததே: உள்ளே நீலப் பஞ்சு, அதன்மேல் மஞ்சள் நிறமி. கூண்டில் விற்கும் லவ் பேர்ட்ஸில் சில நீலமாக இருப்பது, பிறவியிலேயே அந்த மஞ்சளைச் செய்யும் திறனை இழந்ததால்.

ஆசிரியைக்கு இவ்வளவையும் சுருக்கி எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. பேத்தி வயலில் கிடந்த ஒரு கொக்கு இறகைக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாளாம். நீல இறகு பழுப்பானது. கொக்கு இறகு மட்டும் வெள்ளையாகவே நின்றது. அது ஏன் மாறவில்லை என்று கேட்கிறாள்.

கொக்கு இறகிலும் கெரட்டினும் காற்றும்தான், குழந்தாய். ஆனால் அதன் துளைகளில் இட்லியின் ஒழுங்கின்மை, அடியில் கரும்படுதாவும் இல்லை. மறைத்து வைக்க அதனிடம் பழுப்பு எதுவும் இல்லாததால், எந்தப் பக்கம் பிடித்தாலும் அது வெள்ளையாகவே இருக்கும்.